ஒரு பெருநிலத்தின் பெயர்கள் – 17: பெருமாட்டி எந்த இந்தியாவில் இருந்தது?

சிந்து நதியின் பெயர் பாரசீகர் வாயில் ஹிந்துஷ் ஆகி, கிரேக்கரிடம் போய் இந்தியா ஆன கதையை இத்தொடரின் தொடக்கத்தில் பார்த்தோம். அசோகரின் கல்வெட்டில் இருந்த ஜம்புத்தீபத்தையும் நம் புலவர்கள் சொன்ன நாவலந்தீவையும் பார்த்தோம். கொச்சியில் கால் ஊன்றிய போர்த்துகீசியர் 1505-இல் கையகலக் கரையோரத்தை வைத்துக்கொண்டு தங்கள் ஆட்சிக்கு ‘இந்திய அரசு’ என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். சென்ற வாரம் 1858 நவம்பர் 1-க்கு வந்து நின்றோம். கம்பெனி ஆட்சி முடிந்தது, விக்டோரியா அரசியின் பிரகடனம் ஊர் ஊராக வாசிக்கப்பட்டது.

அந்தப் பிரகடனம் இந்தியா என்றது. அந்த இந்தியா எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மட்டும் சொல்லவில்லை.

அதைச் சொல்ல லண்டனுக்கு இன்னும் 31 ஆண்டுகள் பிடித்தன.

●

1889-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. யாரையும் தண்டிக்காத, எந்த வரியும் விதிக்காத சட்டம். மற்ற சட்டங்களில் வரும் சொற்களுக்கு என்ன பொருள் கொள்ள வேண்டும் என்று விளக்குவதே அதன் வேலை. மாதம் என்றால் எது, பிரிட்டிஷ் தீவுகள் என்றால் எவை என்று அடுக்கிக்கொண்டே போய், 18-ஆம் பிரிவில் நம் கதைக்கு வருகிறது.

அங்கே இரண்டு பெயர்கள், இரண்டு விளக்கங்கள். கவர்னர் ஜெனரல் மூலமாகவோ அவருக்குக் கீழுள்ள அதிகாரிகள் மூலமாகவோ அரசி நேரடியாக ஆளும் பகுதிகள் எல்லாம் ‘பிரிட்டிஷ் இந்தியா’. அதோடு, அரசியின் மேலாதிக்கத்தை ஏற்றுக்கொண்ட சுதேச மன்னர்களின் நாடுகளையும் சேர்த்தால் ‘இந்தியா’.

இந்த விளக்கத்தில் மலை இல்லை, ஆறு இல்லை, கடல் இல்லை. யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற ஒன்றுதான் இருந்தது. அதன் விளைவுகளைத் தமிழர்கள் வாழ்ந்த ஊர்களில் வைத்துப் பார்த்தால்தான் அதன் வீச்சு புரியும்.

செட்டிநாட்டார் கடை விரித்திருந்த ரங்கூன் இந்தியாவில் இருந்தது. பர்மா தனியே பிரிக்கப்பட்ட 1937 ஏப்ரல் 1 வரை அது இந்தியாதான். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், எட்டிவிடும் தூரத்தில் இருந்த யாழ்ப்பாணம் இந்தியாவில் இல்லை; இலங்கை 1802 முதலே தனிக் குடியேற்ற நாடு. அரபுக் கடலுக்கு அப்பால் இருந்த ஏடன் இந்தியா. தமிழ்நாட்டுக் கரையிலேயே இருந்த புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததால் இந்தச் சட்டத்தின்படி இந்தியா அல்ல. ஆனால் அதே ஊர்களைப் பிரெஞ்சு அரசு ‘பிரெஞ்சு இந்தியா’ என்று எழுதிக்கொண்டிருந்தது.

நிலநூலார் சொல்லும் துணைக்கண்டம் வேறு. கோண்டுவானா என்ற பழைய பெருநிலத்திலிருந்து பிரிந்து, வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதிய நிலத்துண்டு அது. அந்த மோதலில்தான் இமயம் எழுந்தது. மேற்கே இந்துகுஷ், சுலைமான் மலைகள். கிழக்கே அரக்கான் மலைகள். தெற்கே கடலடித் திட்டின் மேல் அமர்ந்திருக்கும் இலங்கையும் அதில் சேர்த்தி. அந்தக் கணக்கில் யாழ்ப்பாணம் உள்ளே, ரங்கூன் வெளியே. சட்டத்தின் கணக்கு அப்படியே தலைகீழ்.

ஒரே பெயர் இரண்டு வரைபடங்களுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் 1947-இல் வெடித்த சச்சரவுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

●

இனி ஒரு கிராமத்துக்குப் போவோம்.

இன்றைய பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிக் கிடக்கிறது பெருமாட்டி. பிளாச்சிமடை என்றால் இன்று உலகமே அறியும். நிலத்தடி நீருக்காக ஆதிவாசிப் பெண்கள் எழுந்து நின்ற அந்த ஊர் இந்தப் பஞ்சாயத்தில்தான் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் வழிவிட்டுத் திறந்துகிடப்பதால் இந்தப் பக்கத்துக்கும் பொள்ளாச்சிச் சீமைக்கும் நடுவே இயற்கை ஒரு தடுப்பும் வைக்கவில்லை. கேரளத்தில் வேறெங்கும் காணக் கிடைக்காத கரிசல் மண் இந்த வட்டத்தில் உண்டு. பனைமரம் வரிசை கட்டி நிற்கும். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று போனால் வீட்டுக்குள் தமிழ்தான் பேச்சு.

ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மண் கொச்சி மகாராஜாவுடையது. அதுவும் கொச்சி நாட்டின் பெரும்பகுதியோடு ஒட்டாமல், தனியே பிய்ந்து கிடந்த துண்டு. மேற்கே பாலக்காடும் கொல்லங்கோடும் மலபார் மாவட்டம். கிழக்கே பொள்ளாச்சி, கோயம்புத்தூர் மாவட்டம். இரண்டுமே சென்னை மாகாணம், அதாவது பிரிட்டிஷ் இந்தியா. நடுவில் சித்தூர்.

இப்படி ஆனதற்குக் காரணம் மைசூர்ப் போர்கள். 1791-இல் கொச்சி மன்னர் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு கப்பம் கட்டுகிறவரானார். திப்புவிடமிருந்து 1792-இல் மலபாரும் 1799-இல் கோயம்புத்தூரும் கம்பெனிக்குப் போயின. எதிரியிடம் வென்ற நிலத்தைக் கம்பெனி தானே ஆண்டது, நண்பரின் நிலத்தை அவரிடமே விட்டது. நண்பரின் நிலத்தில் ஒரு துண்டு, வென்ற நிலத்தின் நடுவே மாட்டிக்கொண்டது.

ஆக, 1889-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெருமாட்டி இந்தியாவில் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் இல்லை. பெருமாட்டிக்காரர் ஒருவர் வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டு பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனால் காலையில் ஓர் இந்தியாவில் கிளம்பி மதியம் இன்னோர் இந்தியாவில் இறங்கினார்.

அவருக்கு அது தெரிந்திருக்குமா? சில இடங்களில் நன்றாகவே தெரிந்திருக்கும்.

தபாலில் தெரியும். கொச்சி அரசுக்குச் சொந்தத் தபால் உண்டு. அதற்கு அஞ்சல் என்று பெயர். 1892-இல் கொச்சி தனக்கென்று தபால்தலை வெளியிட்டது. அதன் விலை அணாவில் இல்லை, ‘புத்தன்’ என்ற கொச்சிக் காசில் அச்சிடப்பட்டிருந்தது. அந்த வில்லை கொச்சி நாட்டுக்குள்தான் செல்லும். எர்ணாகுளத்துக்குக் கடிதம் என்றால் அஞ்சல் போதும். கூப்பிடு தூரத்துப் பொள்ளாச்சிக்கு என்றால் பிரிட்டிஷ் இந்தியத் தபால்தலை வேண்டும்.

காவல் நிலையத்தில் தெரியும். பெருமாட்டியில் திருடியவன் எல்லை தாண்டிவிட்டால் கொச்சிப் போலீஸ் அங்கே போய்க் கையைப் பிடித்து இழுத்துவர முடியாது. 1903-ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டப்படி, பிரிட்டிஷ் பிரதிநிதியின் வாரண்டு வழியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

வாக்குப்பெட்டியில் தெரியும். 1937-இல் பொள்ளாச்சிக்காரர் சென்னை மாகாணச் சட்டசபைக்கு வாக்களித்தார். பெருமாட்டிக்கு அந்தத் தேர்தல் கிடையாது; கொச்சிக்கு 1925 முதல் தனிச் சட்டசபை இருந்தது. கடல் கடந்து போகிறவருக்கும் தெரியும். பொள்ளாச்சியில் பிறந்தவர் பிரிட்டிஷ் பிரஜை. பெருமாட்டியில் பிறந்தவர் ‘பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உட்பட்டவர்’.

சரக்குக்கு மட்டும் கெடுபிடி குறைவு. 1865-இலேயே பிரிட்டிஷ் அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒப்பந்தம் செய்து உள்நாட்டுச் சுங்கத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டன.

தெற்கே தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் மகாராஜாவின் கீழ் இதே நிலையில் இருந்தன. தேயிலைத் தோட்டங்களுக்காக மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மலையேறிய குடும்பங்கள் ஓர் இந்தியாவிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபோனவர்கள்தான்.

●

1945 ஜூன் 26. சான் பிரான்சிஸ்கோ.

உலகப் போர் ஐரோப்பாவில் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் சாசனத்தில் ஒவ்வொரு நாடாக வந்து கையெழுத்திடுகிறார்கள். இந்தியாவின் முறை வருகிறது. நாடு இன்னும் விடுதலை பெறவில்லை. ஆனாலும் இந்தியா என்ற பெயரில் இருக்கை உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் சர்வதேச சங்கத்திலும் அப்படி ஓர் இருக்கை இருந்தது.

கையெழுத்திட்டவர்கள் இருவர். ஒருவர் ஆற்காடு ராமசாமி முதலியார். மற்றவர் வாங்கல் திருவேங்கடாச்சாரி கிருஷ்ணமாச்சாரி, பரோடா சமஸ்தானத்தின் திவானாக நெடுங்காலம் இருந்தவர். இங்கே சுதேச சமஸ்தானங்களின் சார்பில் வந்திருந்தார். இருவரும் தமிழர்கள். 1889-ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்து வைத்த இரண்டு பாதிகளுக்கும் தலைக்கு ஒரு கையெழுத்து. பெருமாட்டியின் பங்கு அந்த இரண்டாவது கையெழுத்தில் இருந்தது.

அந்தக் குழுவில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். பஞ்சாபைச் சேர்ந்த பெரோஸ் கான் நூன். இந்தியாவின் பிரதிநிதியாகச் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போன அவர், 12 ஆண்டுகள் கழித்துப் பாகிஸ்தானின் பிரதமராக அமர்ந்தார்.

அன்று அந்த மண்டபத்தில் இந்தியா என்றால் லாகூரும் டாக்காவும் கராச்சியும் சேர்ந்த இந்தியா. இந்த இருக்கை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இரண்டே ஆண்டுகளில் எழும் என்று அங்கிருந்த எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

●

1947 ஜூன் 3 அன்று பிரிவினைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஜூலை 4 அன்று இந்திய விடுதலை மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது, 18 அன்று மன்னரின் ஒப்புதல் பெற்றது. இரண்டு வாரம். நாற்பது கோடி மக்களின் தலையெழுத்தை மாற்றிய சட்டம் இருபதே பிரிவுகளில் முடிந்துவிட்டது.

அதன் முதல் வாக்கியத்தை நிறுத்தி வாசிக்க வேண்டும். 1947 ஆகஸ்டு 15 முதல் இந்தியாவில் இரண்டு டொமினியன்கள் அமைக்கப்படும், அவை முறையே இந்தியா என்றும் பாகிஸ்தான் என்றும் அழைக்கப்படும் என்பது அதன் சாரம்.

இந்தியாவில் ஓர் இந்தியா! முதலில் வரும் இந்தியா பெஷாவர் முதல் சிட்டகாங் வரையிலான பழைய பெருநிலம். அடுத்து வரும் இந்தியா அதன் ஒரு பகுதியில் பிறக்கப்போகும் அரசு. ஒரே வாக்கியத்தில், சில சொற்கள் இடைவெளியில், பெயர் ஒரு நிலத்திடமிருந்து ஓர் அரசின் கைக்கு மாறிவிட்டது.

அந்தப் பெயரை விடக்கூடாது என்பதில் காங்கிரஸ் தலைவர்கள் உறுதியாக இருந்தார்கள். இந்தியா தொடர்கிறது, அதிலிருந்து சில பகுதிகள் பிரிந்து போகின்றன என்பது நேருவின் நிலை. முஸ்லிம் லீக் தன் பேச்சிலும் எழுத்திலும் மறுபாதியை இந்துஸ்தான் என்றே சொல்லிவந்தது. பழைய இந்தியா மறைந்து அதன் இடத்தில் இந்துஸ்தான், பாகிஸ்தான் என இரண்டு புதிய நாடுகள் பிறக்கின்றன என்பது லீகின் பார்வை.

இது வெறும் மானப் பிரச்சினை என்று எண்ணிவிடக் கூடாது. பெயர் யாரிடமோ, பழைய ஒப்பந்தங்களும் தூதரகங்களும் ஐ.நா. இருக்கையும் அவரிடம். 1947 ஆகஸ்டில் ஐ.நா. செயலகம் தன் சட்டக் கருத்தைச் சொன்னது: இந்தியாவின் உறுப்பினர் தகுதி அப்படியே தொடரும், பாகிஸ்தான் புதிய நாடு, விண்ணப்பித்துத்தான் சேர வேண்டும். செப்டம்பர் 30 அன்று பாகிஸ்தான் சேர்க்கப்பட்டது. ஆற்காட்டாரும் வாங்கலாரும் கையெழுத்திட்டுப் பெற்ற இருக்கை டெல்லிக்கு வந்தது.

●

இதற்கிடையில் பெருமாட்டி என்ன ஆனது?

விடுதலைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, சுதேச மன்னர்கள் மீதான பிரிட்டிஷ் மேலாதிக்கம் ஆகஸ்டு 15 அன்று அற்றுப்போகும் என்றது. 1889-ஆம் ஆண்டு விளக்கத்தை இப்போது நினைவுபடுத்திப் பாருங்கள். அந்த மேலாதிக்கம் என்ற ஒற்றைக் கயிற்றில்தான் கொச்சி இந்தியாவோடு கட்டப்பட்டிருந்தது. கயிறு அறுந்தால்?

தெற்கே திருவிதாங்கூர் அந்தக் கேள்வியோடு விளையாடிப் பார்த்தது. ஆகஸ்டில் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று திவான் சி.பி. ராமசாமி ஐயர் 1947 ஜூன் 11 அன்று அறிவித்தார். மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் அவர் வெட்டுக்காயத்தோடு தப்பினார். அதன்பிறகு சில நாள்களில் மகாராஜா இணைவதற்குச் சம்மதம் தெரிவித்தார்.

கொச்சி அந்த வழிக்கே போகவில்லை. 1947 ஏப்ரல் 28 அன்று, பிரிவினை அறிவிக்கப்படுவதற்கு முன்பே, அரசியல் நிர்ணய சபையில் முதன்முதலாக வந்து அமர்ந்த சமஸ்தானப் பிரதிநிதிகளில் கொச்சியைச் சேர்ந்தவரும் இருந்தார்: பனம்பள்ளி கோவிந்த மேனன். அன்றைய மகாராஜா கேரள வர்மா, ஒன்றுபட்ட கேரளம் வேண்டும் என்று திருச்சூர் மாநாட்டிலேயே பேசியவர். கொச்சியின் இணைப்பு ஓசையில்லாமல் நடந்து முடிந்தது.

ஓசையில்லாமல் நடந்ததால் வரலாற்று நூல்கள் இதைக் கடந்து போய்விடுகின்றன. எனக்கு அப்படிப் போக மனம் வரவில்லை. கொச்சி ஒருவேளை வேறு முடிவெடுத்திருந்தால் நாலாபக்கமும் இந்தியா சூழ, நடுவே அந்நிய மண்ணாகச் சித்தூர் நின்றிருக்கும். அது எப்படிப்பட்ட வாழ்க்கை என்பதற்கு வடக்கே கூச்பிகார் சாட்சி. அங்கே பழைய சமஸ்தானத் துண்டுகள் எல்லைக்கு இருபுறமும் 162 திட்டுகளாகச் சிதறின. அங்கிருந்த மக்கள் எந்த நாட்டின் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் உரிமையோடு போக முடியாமல் தவித்து, 2015 ஜூலை 31 நள்ளிரவில்தான் விடிவு கண்டார்கள்.

சித்தூருக்கும் புதிய இந்தியாவுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. 1935 முதல் 1941 வரை கொச்சியின் திவானாக இருந்து இந்த வட்டத்தையும் ஆண்டவர் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். விடுதலை பெற்ற நாட்டின் முதல் நிதியமைச்சராகி, 1947 நவம்பர் 26 அன்று முதல் பட்ஜெட்டைப் படித்தவரும் அவரே.

பெயர் மாறிய வேகத்தில் எல்லாமே மாறிவிடவில்லை. 1949 ஜூலை 1 அன்று கொச்சியும் திருவிதாங்கூரும் ஒரே மாநிலமாயின. சித்தூரின் அஞ்சல், இந்தியத் தபால் துறையில் கலந்தது 1951 ஏப்ரல் 1 அன்றுதான்.

●

1947 செப்டம்பர். டெல்லியிலும் பஞ்சாபிலும் ரத்தம் ஓடிக்கொண்டிருந்த மாதம். அந்த நேரத்தில் மவுண்ட்பேட்டனிடமிருந்து கராச்சிக்கு ஓர் அழைப்பு போகிறது. லண்டனில் இந்தியக் கலைக் கண்காட்சி ஒன்று நடக்கவிருக்கிறது. இருநாட்டு கவர்னர் ஜெனரல்களும் அதன் கௌரவத் தலைவர்களாக இருக்கலாமே என்று கேட்டிருந்தார்.

ஜின்னாவின் கண்ணில் பட்டது அந்தத் தலைப்பு. மொகஞ்சதாரோவும் தட்சசீலமும் இப்போது பாகிஸ்தானில். அங்கே கிடைத்த கலைச் செல்வங்களை இந்தியக் கலை என்று எழுதினால் பார்ப்பவர் எந்த இந்தியாவை நினைப்பார்? ஏதோ புரியாத காரணத்துக்காக இந்துஸ்தான் இந்தியா என்ற பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறது, அது தவறான எண்ணத்தைத் தருகிறது, குழப்புவதற்கென்றே செய்யப்பட்டது என்று அவர் பதில் எழுதினார். பாகிஸ்தான், இந்துஸ்தான் கலைக் கண்காட்சி என்று தலைப்பிடச் சொன்னார்.

அவருடைய அரசியலோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் இருந்த கேள்வி நியாயமானது. சிந்து நதி கொடுத்த பெயர். அந்த நதியின் பெரும்பகுதி பாகிஸ்தானில் ஓடுகிறது. பெயர் நதியை விட்டு வந்து கங்கைக்கரை அரசிடம் நிலைத்துவிட்டது. அப்படியானால் எல்லோருக்கும் பொதுவான அந்தப் பழைய நிலத்தை இனி எப்படிக் குறிப்பது?

அதற்குப் பிறகுதான் ‘இந்தியத் துணைக்கண்டம்’ என்ற வழக்கு செய்தித்தாள்களில் ஓங்கியது. அதிலும் இந்தியா இருப்பதால் அண்டை நாட்டார் பலர் வெறும் துணைக்கண்டம் என்றார்கள். பிறகு பல்கலைக்கழகங்களில் ‘தெற்காசியா’ வளர்ந்தது. 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் ஏழு நாடுகள் கூடிச் சார்க் அமைப்பைத் தொடங்கியபோது இந்தியா என்ற சொல்லே இல்லாத ஒரு பெயரைத்தான் தேர்ந்தெடுத்தன. அந்தக் கதைக்குத் தனியே வருவோம்.

முதலில் டெல்லிக்குத் திரும்ப வேண்டும். வெளியுலகில் பெயரை வென்றாகிவிட்டது. வீட்டுக்குள் வேறொரு புயல் திரண்டுகொண்டிருந்தது. 1948 பிப்ரவரியில் வெளிவந்த அரசியல் சாசன வரைவின் முதல் பிரிவில் நாட்டுக்கு இந்தியா என்ற ஒரே பெயர்தான் இருந்தது. பாரதம் இல்லை. அந்நியர் தந்த பெயரையா நம் சாசனத்தின் முதல் வரியில் எழுதுவது என்ற குரல்கள் சபைக்குள் எழுந்தன. பாரத், பாரதவர்ஷம், இந்துஸ்தான் என்று திருத்தங்கள் வந்தன. 1948 நவம்பரில் இப்பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, திருப்பதிப் பக்கத்து அனந்தசயனம் ஐயங்கார் எழுந்து, பெயர் பற்றிய பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார். சபை ஒத்துக்கொண்டது.

பத்து மாதம் அந்த வரி அப்படியே கிடந்தது. 1949 செப்டம்பரில் அம்பேத்கர் நான்கு சொற்கள் சேர்ந்த ஒரு புதிய தொடரோடு சபைக்கு வந்தபோது, 38 பேர் அதை மாற்றக் கேட்டு வாக்களித்தது ஏன்?

(அடுத்த வாரம்)